ஐயங்கார் ஷெட்டில் வலம் சுற்றிய பிரஷ்

டாக்டரம்மாவின் கார் இரண்டு பிரஷ்களுக்கும் நடுவிலிருந்து வெளியே வந்தபோது அதன் இடது பக்கம் கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது. வலது பக்கம் குட்டையிலிருந்து எழுந்த எருமை மாதிரி இருந்தது.

உள்ளே போகும்போதுகூட அந்தப் பக்கம் அவ்வளவு மோசமில்லை. பின் சக்கரத்துக்கு மேலே அப்பியிருந்த சேற்றையெல்லாம் வழித்தெடுத்து முன் கதவிலும் கண்ணாடியிலும் பானெட்டிலும் பூசி அனுப்பியிருந்தது என் பிரஷ். டாக்டரம்மா தன் காரைத் தானே ஓட்டுகிறவர். ஜன்னலை முழுக்க ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். தலைப்பிலும் சேறு.

இது யார் செய்த வேலை என்று கேட்டார். ஷெட் முதலாளி ஐயங்கார் என்னை நோக்கிக் கையைக் காட்டினார். ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தக் கை அவர் நெஞ்சைக் காட்டியிருக்கும்.

வாசலில் என் மாமு வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

மெத்தைக் கடையும் என் இருமலும்

போன வாரம் சோடா கம்பெனிக்கு பாட்டில் கழுவும் பிரஷ் செய்து கொடுத்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர், கொஞ்சம் மென்மையாக எழுதலாமே என்றார். மென்மை வேண்டுமென்றால் பஞ்சு மெத்தை வாங்கிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அதுதான் தொழில்.

ஜாம் பஜார் பக்கம் என் மாமுவுக்கு மெத்தைக் கடை இருந்தது. மாமு என்றால் அம்மாவின் அண்ணன். என் அப்பா அந்தக் கடையில்தான் வில் பிடித்துப் பஞ்சு அடித்தார். ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து, நாணைத் தட்டித் தட்டி, பஞ்சைப் பனிமூட்டம் மாதிரி கிளப்பிவிடுவார். அந்த மூட்டத்தைத்தான் நாள் முழுக்க மூச்சாக இழுப்பார். இருமி இருமியே செத்தார். அவர் நெஞ்சைப் பிளந்து பார்த்திருந்தால் ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறியிருக்கும்.

அவர் போனபிறகு அந்த மூலை காலியாக இருந்தது. கூலிக்கு வந்தவர்கள் நிலைக்கவில்லை. மாமு என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவரால்தான். ஆனால் அந்த மூலையைப் பார்த்தாலே எனக்கு இருமல் வந்தது.

பிரஷ் வேலை இருக்கிறது, வரமுடியாது என்றேன். சோடா பாட்டிலுக்குள் பிரஷ் விடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டார். கடைசியில் அம்மாவை நடுவில் வைத்து ஒரு பேச்சு முடிந்தது. ஐயங்கார் ஷெட்டில் நான் செய்கிற கார் கழுவும் மிஷின் ஓடினால் நான் என் வழி. ஓடாவிட்டால் மறுநாள் காலை வில் என் கையில். அம்மா தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தை. மாற்றிப் பேச முடியாது.

அதற்காகத்தான் அன்றைக்கு மாமு கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார்.

படத்தில் பார்த்த பிரஷ்

உலகச் சண்டை முடிந்து, மிலிட்டரிக்காரன் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தி.நகரிலும் அடையாறிலும் புதுசு புதுசாகக் கார்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஐயங்காரின் ஷெட் மந்தைவெளியில், அடையாறு பாலத்துக்குப் போகிற வழியில் இருந்தது. முன்னால் ஷெட், பின்னால் அவர் வீடு. வண்டி ரிப்பேர், எண்ணெய் மாற்றுவது, கழுவுவது எல்லாம் உண்டு.

மோட்டார் தொழிலில் அவரைப்போல ஆசாரம் பார்த்த ஆளை நான் பார்த்ததில்லை. கார் சீட் தோலால் ஆனது என்பதற்காகத் துண்டு விரித்துத்தான் உட்காருவார். துண்டுக்குக் கீழே தோல் இருப்பது அவருக்கும் தெரியும், தோலுக்கும் தெரியும்.

யாரோ கொடுத்த அமெரிக்கப் பத்திரிகையில் அவர் ஒரு படம் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு பிரஷ் நட்டுக்குத்தாக நிற்கிறது. நடுவில் ஒரு பஸ் நுழைகிறது. அவ்வளவுதான் படம். அது எப்படிச் சுற்றுகிறது, எதனால் செய்தது, ஒன்றும் தெரியாது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, இதேமாதிரி காருக்கு வேண்டும் என்றார். பாட்டிலுக்கு உள்ளே சுற்றுகிற பிரஷ் செய்தவன், காருக்கு வெளியே சுற்றுகிற பிரஷ் செய்யமாட்டானா என்பது அவர் கணக்கு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இளரத்தம்.

மயிர் விவகாரம்

முதல் சிக்கல், பிரஷ்ஷுக்கு எந்த மயிர்?

பனைமட்டையில் எடுக்கிற பனந்தும்பு நாரைப் போட்டுப் பார்த்தேன். தெருக் கூட்டவும் சாக்கடை தள்ளவும் அதைவிட நல்ல சரக்கு கிடையாது. காரில் வைத்ததும் பெயிண்டில் பூனை பிறாண்டின மாதிரி கோடு விழுந்தது. தேங்காய் நார் தண்ணீர் குடித்துவிட்டு ஈரக் கோணியாகத் தொங்கியது.

பிரஷ்ஷுக்குப் பன்றி மயிர்தான் ராஜா. வெள்ளைக்காரன் பல் விளக்குவதிலிருந்து பெயிண்ட் அடிப்பது வரை அதை வைத்துத்தான் செய்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொன்னாலே மாமு வாய் கொப்பளிப்பார். ஐயங்காரிடம் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பெரிய மனிதர்களை ஒரு பன்றி ஒன்று சேர்த்தது.

கடைசியில் குதிரை வால் மயிர். லஸ் ஜட்கா ஸ்டாண்டில் சொல்லி வைத்தேன். ஜட்காக்காரர்கள் தங்கள் குதிரையின் வாலை அளவோடு கத்தரித்துக் கொடுத்தார்கள். ஒருவன் மட்டும் ஆசைப்பட்டு அடியோடு வெட்டிக் கொடுத்துவிட்டான். ஈ ஓட்ட வால் இல்லாத அந்தக் குதிரை மயிலாப்பூர் பூராவும் உதைத்துக்கொண்டே ஓடியது. அவன் வண்டியில் ஏற எவனும் துணியவில்லை.

கட்டையும் கணக்கும்

பூவரசங்கட்டையை உருளையாகக் கடைந்தேன். ஈரத்தில் வெடிக்காத மரம். அதில் துளை போட்டு, மயிரைக் கற்றை கற்றையாக மடித்து, செம்புக் கம்பியால் உள்ளே இழுத்துக் கட்டினேன்.

முதலில் துளைகளை நெருக்கி நெருக்கிப் போட்டேன். வீட்டுத் துடைப்பத்தின் புத்தி. நெருக்கமாக இருந்தால் நன்றாகக் கூட்டும் என்று நினைத்தேன். சுற்றவிட்டால் ஒரு பெரிய திண்டு மாதிரி சுற்றியது. தண்ணீர் உள்ளே போகவில்லை, அழுக்கு வெளியே வரவில்லை. அடுத்த கட்டையில் பாதி வரிசையைக் குறைத்து, துளைகளைத் திருகாணி மரை போலச் சாய்வாகச் சுற்றி இறக்கினேன். அப்போதுதான் சேறும் தண்ணீரும் அந்தச் சரிவு வழியே கீழே இறங்கின.

வேகத்திலும் தொல்லை. மெதுவாகச் சுற்றினால் மயிர் காரை நக்கிக்கொண்டு நின்றது. வேகமாகச் சுற்றினால் பாவாடை மாதிரி விரிந்து, ஷெட் சுவரையெல்லாம் கழுவியது. கப்பியை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு நடு வேகத்தைப் பிடித்தேன்.

மேலே உத்தரத்தில் ஏலத்தில் எடுத்த மிலிட்டரி மோட்டார். அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு தோல் பெல்ட் போய் அந்தந்தப் பிரஷ்ஷைச் சுற்றும். கீழே காரைத் தள்ள இரண்டு பேர், தண்ணீர் ஊற்ற ஒருவன், மோட்டாரைப் பார்த்துக்கொள்ள நான். இதற்குப் பெயர் தானாக ஓடும் மிஷின்.

ஷெட்டில் கார் கழுவிக்கொண்டிருந்த கன்னியப்பனிடம், இது வந்தால் உன் வேலை போய்விடுமே என்று ஒருநாள் கேட்டேன். அவன் நொச்சிக்குப்பத்து ஆள். கடலுக்குப் போனால் வாந்தி வருகிறதென்று கரையிலே வேலை தேடிக்கொண்டவன்.

"அட போ நைனா. முன்ன நான் ஒருத்தன் கய்விக்கினு இருந்தேன். இப்ப நாலு பேரு கீறோம். இன்னும் ரெண்டு மிஷினு செய்யி, எங்க குப்பத்துக்கே வேலை கீது" என்றான்.

பெருமாள் மேலிருந்து பார்க்கிறார்

இனி வருவதுதான் என் வயிற்றெரிச்சல்.

கார் முன்னால் போகும்போது பிரஷ் அழுக்கைப் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். கழுவின இடம் முன்னால் போய்விட்டது, கழுவாத இடம் பின்னால் வருகிறது. அழுக்கை அங்கேதான் தள்ள வேண்டும். அப்படியானால் இடது பிரஷ் ஒரு பக்கமாகவும் வலது பிரஷ் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் சுற்ற வேண்டும். இரண்டு கையாலும் முகத்தைக் கழுவிப் பாருங்கள், இரண்டு கையும் ஒரே பக்கமாகவா சுற்றுகிறது?

இதை ஷெட் தரையில் கரித்துண்டால் வரைந்து ஐயங்காருக்குக் காட்டினேன். அவர் இடது பிரஷ்ஷைப் பார்த்துத் தலையாட்டினார். வலது பிரஷ்ஷின் அம்புக்குறியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது அப்பிரதக்ஷிணமான்னா போறது? எடமாச் சுத்தறது பித்ரு காரியத்துக்குடா. கார்த்தால புது வண்டியைக் கொண்டு வரவாளுக்கு நம்ம ஷெட்டுல அபசகுனம் பண்ணச் சொல்றயா? ரெண்டும் வலமாத்தான் சுத்தணும்."

மேலேயிருந்து பார்த்தால்தான் அது இடம், தரையில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் வலம்தான் என்றேன். அவர் ஷெட் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பெருமாள் மேலேர்ந்துதானே பாக்கறார்" என்றார்.

ஒரு வாரம் சண்டை போட்டேன். ஷெட் அவருடையது, மோட்டார் அவருடையது, பெருமாளும் அவருடையவர். இரண்டு பெல்ட்டையும் நேராக மாட்டினேன். இரண்டு பிரஷ்ஷும் பயபக்தியோடு வலமாகச் சுற்றின. அதன் பலனைத்தான் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியோடு வாங்கிக்கொண்டார்.

மறுபடியும் வாசலில்

டாக்டரம்மா சாந்தோமில் குடியிருந்தவர். அடையாறில் ஒரு பிரசவம் பார்க்கப் போகிற வழியில், வலி இப்போதுதான் கண்டிருக்கிறதென்று இங்கே நிறுத்தியிருந்தார். கோபப்பட நேரமில்லை போல. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடது பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கழுவத் தெரிஞ்ச மிஷினுக்கு அந்தப் பக்கம் ஏன் தெரியல மிஸ்டர் ஐயங்கார்? குழந்தை சீக்கிரம் பொறந்துட்டா இப்படியேதான் திரும்பி வருவேன். அப்பவும் இதே மாதிரி செஞ்சீங்கன்னா நான் வேற ஷெட் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, சேற்றுக் கண்ணாடி வழியே ரோட்டைத் தேடிக்கொண்டு போனார்.

ஐயங்கார் உச்சிவேளை வரைக்கும் என்னைக் கண்டபடி பேசிவிட்டு, குளிக்கவும் ஜபம் பண்ணவும் பின்னால் வீட்டுக்குப் போனார்.

மாமு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கிட்டே வந்தார். "பாத்தாச்சு. காலைல தொழுதுட்டு நேரா கடைக்கு வந்துடு" என்றார். அந்தம்மா திரும்பி வரும்வரை பொறுங்கள் என்றேன். பொறுக்கிறேன், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஐயங்கார் தலை மறைந்ததும் ஏணியைப் போட்டு ஏறினேன். வலது பெல்ட்டைக் கழற்றி, நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி மாட்டினேன். பெல்ட்டைக் குறுக்கே மாற்றிப் போட்டால் கப்பி எதிர்ப்பக்கம் சுற்றும். மாவு மில்லில் வேலை பார்த்த எவனுக்கும் தெரியும். கன்னியப்பன் கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். மோட்டாரைப் போட்டேன். வலது பிரஷ் நான் வரைந்த அம்புக்குறிப்படி சுற்றியது.

அந்தச் சத்தம் பின்வீட்டுக்குக் கேட்டுவிட்டது.

மடியில் வந்த முதலாளி

ஐயங்கார் ஈரவேட்டி பஞ்சகச்சமும் நெற்றியில் புது நாமமுமாக ஓடிவந்தார். குளித்து மடியாக இருந்தார். இன்னும் சாப்பிடவில்லை. மடி என்றால் எங்களைப் போன்றவர்கள் மேல் படக்கூடாது, தோல் மேல் படக்கூடாது, பட்டால் மறுபடி குளிக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணாந்து பெல்ட்டைப் பார்த்தார்.

அதைக் கழற்றி நேராக மாட்டு என்றார். முடியாது என்றேன்.

"முடியாதுன்னா? யாரோட ஷெட்டுடா இது?"

"ஷெட்டு உங்களதுதான் ஐயா. வண்டி சுத்தமாகணுமா, பிரஷ்ஷுக்குப் புண்ணியம் சேரணுமா? ஒண்ணு சொல்லுங்க."

அவர் முகம் நாமத்தின் நடுக்கோடு போலச் சிவந்தது. அவரே ஏணியில் ஏறிக் கழற்றியிருக்கலாம். ஆனால் பெல்ட் தோல். கையைத் தூக்கினார், இறக்கினார். கன்னியப்பனைப் பார்த்து, நீ ஏறு என்றார்.

கன்னியப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். "காலைலேர்ந்து வண்டி தள்ளிக்கினு தோளு கயண்டு பூட்ச்சி சாமி. ஏறுறேன். ஆனா மேலேர்ந்து வுய்ந்தா நேரா உங்க மேலதான் வுய்வேன்" என்றான்.

ஐயங்கார் இரண்டடி பின்னால் போனார். போன இடத்தில் எண்ணெய் டின்னில் உட்கார்ந்திருந்த மாமு கண்ணில் பட்டார்.

"பாய், நீங்க பெரியவர். உங்க பிள்ளையாண்டான் பேச்சைக் கேக்க மாட்டேங்கறான். நீங்களாவது ஏறி அந்தப் பெல்ட்டை நேராப் போட்டுக் குடுங்கோ."

மாமுவுக்கு வேண்டியதே அதுதான். ஒரு பெல்ட்டை நேராக்கினால் போதும், டாக்டரம்மா காறித் துப்பிவிட்டுப் போவார், காலையில் நான் வில்லோடு மூலையில் இருப்பேன். நான் தடுக்கவும் முடியாது. மாமு மேல் கை வைத்துவிட்டு எந்த முகத்தோடு அம்மாவிடம் போவது?

மாமு எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஏறினார். வயசான ஆள், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். பெல்ட்டில் கையை வைத்தார். முறுக்கைத் தடவிப் பார்த்தார். அது எங்கே போகிறது, எந்தக் கப்பியைப் பிடிக்கிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"சாமி, இவன் என் கடைக்கு வரணும்னு எனக்கும் ஆசைதான். அவனா தோத்துட்டு வரட்டும். நான் தோக்கடிச்சு இழுத்துக்கினு போனா என் தங்கச்சி எனக்கு சோறு போடமாட்டா."

சொல்லிவிட்டு மறுபடி டின்னில் உட்கார்ந்தார்.

இரண்டு பக்கமும்

ஐயங்கார் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. டாக்டரம்மா. பாலத்துச் சேறு காரின் இரண்டு பக்கமும் புதுசாக ஏறியிருந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றார். இந்தமுறை ஜன்னலை இறுக்கி ஏற்றிக்கொண்டார். படித்தவர்.

தோள் கழன்ற கன்னியப்பன்தான் முதல் ஆளாகப் பின்னால் போய்க் காரைத் தள்ளினான்.

மோட்டார் ஓடியது, தண்ணீர் விழுந்தது. இரண்டு பிரஷ்ஷும் மயிரை விரித்துக்கொண்டு காரை நடுவில் பிடித்தன. அழுக்கு பின்னால் போயிற்று. பின்னால்தான் ஐயங்காரும் நின்றிருந்தார். வேட்டி, மார்பு, நாமம் எதுவும் பாக்கியில்லை. அவர் நகரவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வெளியே வந்தது. முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரே பளபளப்பு. டாக்டரம்மா இறங்கிச் சுற்றிவந்து, வலது கதவில் விரலை வைத்து இழுத்தார். விரல் கீச்சென்றது. தினமும் இந்த வழியாகத்தான் போவேன், இனி இங்கேயே கழுவிக்கொள்கிறேன் என்றார். பிரஷ் எந்தப் பக்கம் சுற்றியது என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஷெட்டுக்கு வந்த ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஐயங்கார் முகத்தை வழித்துக்கொண்டார். "கன்னியப்பா, வலது பிரஷ்ஷைச் சுத்தி, மேலயும் மூடி, ஒரு கோணிப்படுதா கட்டிடு. ஜலம் தெறிக்கறது பார்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, நாளைக்கு சீக்கிரம் வந்துவிடு என்று சொல்லிவிட்டு மறுபடி குளிக்கப் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை? கேட்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

மாமு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன். மந்தைவெளி முனை வந்ததும் நின்றார்.

"கடைக்கு ஒரு ஆள் பாக்கணும்" என்றார்.

"நான் தேடித் தரேன் மாமு."

"நீ தேடாதே. நீ புடிச்சிட்டு வர்றவன் பஞ்சை எடமா அடிக்கணுமா வலமா அடிக்கணுமான்னு என்கிட்ட சண்டைக்கு நிப்பான்."

சொல்லிவிட்டு ராயப்பேட்டைப் பக்கம் நடந்தார். நான் ஷெட்டுக்குத் திரும்பினேன்.